ஒரே முற்றத்து ரெண்டு பிள்ளைகள்

பவதாரிணி ஒன்பதாம் மாதமே எழுந்து நடந்துவிட்டாள். முத்துத்தாயால் அதை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மற்றதையெல்லாம் எப்படியோ விழுங்கியிருந்தாள். ஓரகத்தி இசைவாணி பன்னிரண்டு வரை படித்தவள் என்பதை விழுங்கினாள். கேரளாவுக்கு லோடு வண்டி ஓட்டும் கொழுந்தன் தன் பெண்டாட்டிக்குப் பளபளவென்று செல்போன் வாங்கிக் கொடுத்ததை விழுங்கினாள். மாமியார் அன்னக்காமு "எஞ் சின்ன மருமக" என்று சொல்லும்போது குரலில் வருகிற அந்தக் குழைவையும் விழுங்கினாள். ஆனால் தன் மகன் அழகுமலை இன்னும் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்கிறபோது, அவனுக்கு இருபது நாள் பிந்திப் பிறந்த இசைவாணியின் குட்டி முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கை வீசி நடந்து வந்தால், எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? சொல்லுங்கள்.

கண்மாய்ப்பட்டியில் அவர்கள் வீடு ஒரே முற்றம், ரெண்டு அடுப்படி. வாசலில் நின்று வடக்கே பார்த்தால் திருப்பரங்குன்றத்து மலை தெரியும். தெற்கே மல்லிகைத் தோட்டம். விடியும் முன்னே முத்துத்தாய் மடியைக் கட்டிக்கொண்டு மொக்குப் பறிக்க இறங்கிவிடுவாள். பிள்ளையை வேப்பமரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிடுவாள். பக்கத்துக் கிளையில் பேச்சியின் தொட்டில். பேச்சி அவர்கள் தோட்டத்துக்குப் பறிக்க வருகிறவள், போன வருஷம் கல்யாணமானவள், கையில் மூன்று மாதப் பெண்பிள்ளை. முத்துத்தாய் விரலுக்கு ஈடுகொடுக்க ஊரில் ஆள் கிடையாது. வெயில் ஏறுமுன் ஆறு கிலோ பறித்துவிடுவாள்.

இசைவாணியும் ஒருநாள் தோட்டத்துக்கு வந்தாள். பட்டுப்பாவாடை கட்டின பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குச்சியில் செல்போனை மாட்டி வரப்பில் நட்டுவிட்டு, ரெண்டு மொக்குப் பறித்தாள். அந்த ரெண்டு மொக்கை நானூறு பேர் பார்த்தார்கள். முத்துத்தாய் பறித்த ஆறு கிலோவைப் பார்த்தது அவள் புருஷன் நல்லகாமன் ஒருத்தன்தான். அவனும் சரியாகப் பார்க்கவில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு நேரமாச்சு என்று மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

"இசை அம்மா வீட்டு மருந்து" என்று சேனலுக்குப் பேர். தலைவலிக்கு இது, சளிக்கு அது என்று ஆரம்பித்து ஒரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். முந்நூறு பேர், நானூறு பேர் பார்ப்பார்கள். புரட்டாசியில் பவதாரிணி நடந்த மறுநாள் ஒரு வீடியோ போட்டாள் பாருங்கள், அதுதான் பற்றிக்கொண்டது.

"எல்லாரும் கேக்குறீங்க ஃப்ரெண்ட்ஸ், பாப்பா எப்படி ஒம்போது மாசத்துல நடக்குதுன்னு. இன்னைக்கு ரகசியத்தச் சொல்லிடுறேன். எம்பொண்ணுக்கு இதுவரைக்கும் ஒரு ஊசி போட்டதில்ல. வெறும் உரை மருந்துதான். சுக்கு, வசம்பு, ஜாதிக்கா, மாசிக்கா, கல்லுல உரசி நாக்குல தடவுறேன். பாருங்க எம்பிள்ளைய. காச்சல் உண்டா? சளி உண்டா?"

பவதாரிணி அந்த நேரம் பார்த்து ஈயென்று சிரித்தது. நாலு நாளில் ரெண்டு லட்சம் பேர். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பெண்கள் கைகூப்பின படம் படமாகப் போட்டார்கள். மூன்றாவது தெருப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இசைவாணி வாசலுக்கு வந்து உரைகல் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். மாமியார் காதில் தொங்கட்டான் ஆட ஆட நடந்தாள்.

முத்துத்தாய் அந்த வீடியோவை யாருக்கும் தெரியாமல் பன்னிரண்டு தடவை பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று விளங்கியது மாதிரி இருந்தது. அழகுமலைக்கு ஒவ்வொரு ஊசி போட்ட ராத்திரியும் காய்ச்சல் அடித்தது. தொடை வீங்கி ரெண்டு நாள் பால் குடிக்காமல் சிணுங்கினான். இவள் ஊசி ஊசியென்று ஓடினாள், பிள்ளை எலும்பும் தோலுமாக நிற்கிறது. அவள் ஒன்றுமே போடவில்லை, பிள்ளை உருண்டு திரண்டு நடக்கிறது. அடி சண்டாளி, கூடவே இருந்துகொண்டு சொன்னாளா ஒரு வார்த்தை! முத்துத்தாய்க்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த மாசம்தான் அழகுமலைக்குத் தட்டம்மை ஊசி போடவேண்டிய முறை. ஒன்பது மாசம் முடிந்ததும் போடுகிற ஊசி. புதன்கிழமை அங்கன்வாடியில் போடுவார்கள். பசுமலையிலிருந்து நர்ஸ் ஆனிமேரி நீலக்கலர் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவாள். பதினேழு வருஷமாக வருகிறாள். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

முத்துத்தாய் அந்தப் புதன்கிழமை மதியம், ஒரு மொக்குக்கூட மிச்சமில்லாத தோட்டத்தில் போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டாள். ஆனிமேரியா விடுகிறவள்? வரப்பு வரைக்கும் வந்துவிட்டாள்.

"ஏத்தா முத்துத்தாயி, ஒன்னய எங்கெல்லாம் தேடுறது? பிள்ளையத் தூக்கு. ஒரு நிமிசம்தான்."

"போட்டாச்சுக்கா."

"போட்டாச்சா? எங்க?"

"எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்ல, சோழவந்தானுக்கு. அங்கயே போட்டுட்டு வந்தேன்."

"கார்டக் கொண்டா, பாப்போம்."

"அங்கயே வச்சிட்டு வந்துட்டேங்க்கா. அடுத்த தடவ எடுத்துட்டு வாரேன்."

இந்தப் பக்கத்தில் பெண்கள் பிரசவத்துக்கு அம்மா வீடு போவதும், ஒரு ஊசி அங்கே ஒரு ஊசி இங்கே என்று போடுவதும், கார்டைப் பானைக்குள்ளும் பீரோவுக்குள்ளும் மறந்து வருவதும் புதிதில்லை. ஆனிமேரி நோட்டைப் பிரித்து, "தாய் வீட்டில் போட்டது" என்று எழுதிக்கொண்டாள். "காச்சல் வந்துச்சா?" என்று கேட்டாள். "லேசா" என்றாள் முத்துத்தாய். கூசாமல் சொன்னாள். புருஷனிடம் ராத்திரி, "ஆனிமேரியக்கா வந்து போட்டுட்டுப் போச்சு" என்று வேறு மாதிரி சொன்னாள். அவனுக்குப் பூ விலை நினைப்பு. ம் என்றான்.

மறுநாளே உரைகல் வாங்கிவிட்டாள். இசைவாணி என்ன உரசுகிறாளோ அதெல்லாம் உரசினாள். அழகுமலை முகத்தைச் சுளித்துச் சுளித்து நக்கினான். ஒன்றும் உருண்டுவிடவில்லை. அவளிடம் இன்னும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை வீடியோவில் சொல்லாமல் ஒளிக்கிறாள் என்று முத்துத்தாய்க்கு ஒரே சந்தேகம்.

பங்குனி வந்தது. தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்தது. பறிக்க ஆள் போதவில்லை. அந்தப் பூப்புக்கு நடுவில்தான் அழகுமலைக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்து, கண் சிவந்து, காதோரம் ஆரம்பித்து மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தது.

அன்னக்காமு பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மணல்வாரிடீ. ஆத்தா எறங்கியிருக்கா. வாசல்ல வேப்பிலையச் சொருகு. தாளிக்கக் கூடாது. யாரும் தலை சீவக் கூடாது. ஆஸ்பத்திரி பேச்சே எடுக்காதீக."

தட்டம்மைக்கு அந்தப் பக்கம் மணல்வாரி என்றுதான் பேர். வேப்பிலை செருகினார்கள். கூழும் இளநீருமாக வீடு அடங்கியது. பேச்சி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருப் பக்கமே வராமல் ஓடினாள். இசைவாணி ஓடவில்லை. பவதாரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே வந்து, அழகுமலை தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினாள். முத்துத்தாய்தான் பதறினாள்.

"ஏம்மா, பிள்ளைய அங்கிட்டுக் கொண்டு போ. ஒட்டிக்கிரும்."

"ஒண்ணும் ஆகாதுக்கா."

எம்புட்டுத் தைரியம் பார் என்று முத்துத்தாய்க்கு அந்தக் கவலையிலும் எரிந்தது. ஒரே முற்றம், ஒரே காற்று. இந்தப் பிள்ளை பொரிந்துபோய்க் கிடக்கிறது, அந்தப் பிள்ளை இவன் காலைப் பிடித்து விளையாடுகிறது. சாமிக்குக் கூடவா ஓரவஞ்சனை?

பொரிந்த ஐந்தாம் நாள் காலையில் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குழி உள்ளே உள்ளே போனது. அழக்கூடச் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. "ஆத்தா கோவிச்சுக்குவா" என்று அன்னக்காமு வாசலை மறித்தாள். நல்லகாமன் பூ மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு, "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வழிய விடு" என்று பிள்ளையையும் பெண்டாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் பறந்தான்.

பெரியாஸ்பத்திரியில் தனி வார்டில் படுக்க வைத்தார்கள். மூக்கிலும் வாயிலும் மூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். அம்மை நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருத்தி எழுதிக்கொண்டே கேட்டாள்.

"ஒம்பது மாசத்து ஊசி போட்டீங்களா?"

"எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டரம்மா" என்றான் நல்லகாமன். "எங்க ஊரு நர்ஸே வந்து போட்டாக. இவ ஒரு ஊசி விட்டதில்ல. அந்த விசயத்துல இவ கெட்டி."

டாக்டர் முத்துத்தாயைப் பார்த்தாள். முத்துத்தாய் சேலைத் தலைப்பைப் பிள்ளையின் காலடியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். புருஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதை எப்படி இல்லையென்று சொல்லுவாள்?

எட்டு நாள். அந்த எட்டு நாளும் அழகுமலை குரல் எழும்பவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் ஊசிக்குக் கத்தும்போதெல்லாம், அந்தத் தாய்களைப் பார்த்து முத்துத்தாய் பொறாமைப்பட்டாள். கத்துகிறதே அந்தப் பிள்ளை, அம்புட்டுத் தெம்பு இருக்கிறதே என்று.

ஒன்பதாம் நாள் மூடியைக் கழற்றினார்கள். பிழைத்துவிட்டான். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது துணிமூட்டை மாதிரி கனமே இல்லாமல் இருந்தான். வந்த அன்றே பேச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"முத்தக்கா, அந்த வீடியோவப் பாத்தியா?"

"எவ வீடியோ?"

"இசையக்கா போட்டிருக்குல்ல. ஒரே முற்றத்து ரெண்டு பிள்ளைகள்னு. ஊசி போட்ட பிள்ளைக்கு அம்மை வந்துச்சு, போடாத பிள்ளைக்கு வரலைன்னு. அஞ்சு லட்சம் பேருக்கு மேல பாத்துட்டாகளாம். எங்க வீட்டுக்காரு, நீ புதன்கெழம அங்கன்வாடிப் பக்கம் போனா கால ஒடச்சிருவேங்கிறாரு."

முத்துத்தாய் பார்த்தாள். பிள்ளை பொரிந்து கிடந்தபோது, விசிறின சாக்கில் எடுத்திருக்கிறாள். அழகுமலையின் சிவந்த முகம், பக்கத்தில் பவதாரிணியின் பூரித்த முகம். அடியில் ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். "ஊசி கம்பெனிக்காரன் முகத்துல கரி." "உண்மைய உரக்கச் சொன்ன சகோதரிக்கு நன்றி." எவனோ ஒருத்தன், "அந்த ஒல்லிப் பிள்ளையோட அம்மா இனியாவது திருந்தட்டும்" என்று எழுதியிருந்தான். அதை முத்துத்தாய் ரெண்டு தடவை படித்தாள்.

அடுத்த புதன்கிழமை ஆனிமேரி வந்தாள். அங்கன்வாடி வாசலில் ஐஸ் பெட்டியோடு பத்து மணி முதல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளை வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஊருக்குப் போயிருக்கா" என்றார்கள். மதியம் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். பிறகு முத்துத்தாய் வீட்டுக்கு வந்தாள். நல்லவேளை, நல்லகாமன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான்.

"பிள்ள எப்படி இருக்கான்?"

"இருக்காங்க்கா. சாப்பாடுதான் எறங்கல."

ஆனிமேரி பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தாள், நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். பிறகு நோட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஏத்தா, ஒன்னு கேக்கணும். சோழவந்தான்ல எந்தத் தேதியில போட்டாக? போட்ட நர்ஸு பேரு என்ன?"

"எதுக்குக்கா?"

"மேல கேக்குறாக. ஊசி போட்ட பிள்ளைக்கு எப்படி இம்புட்டுக் கடுமையா வந்துச்சு, மருந்த வெயில்ல வச்சிட்டாளா, ஐஸு கரைஞ்சிருச்சான்னு. அந்தப் பக்கத்து நர்ஸு யாருன்னு கண்டுபிடிச்சு எழுதிக் குடுக்கணும். பாவம் அவளும் பிள்ளகுட்டிக்காரியாத்தான் இருப்பா. என்ன செய்ய? எனக்கும் புரியல. பதினேழு வருசத்துல எங் கைபட்டு இப்படி ஆனதில்ல. இந்த ஊர்ல இப்ப பதினோரு பிள்ளைக்குப் போடாமக் கெடக்கு. பேச்சி பிள்ள முறை வந்தாச்சு. ஒரு வீட்டுல வந்தா ஊரு பூரா வரும். ஒனக்குத் தெரியாததா? நீ பாத்துட்டு வந்திருக்க."

"தேதி நெனப்பு இல்லைங்க்கா. அம்மாட்ட கேட்டுச் சொல்றேன்."

"வெரசா கேளு."

ஆனிமேரி ஸ்கூட்டரைக் கிளப்பிப் போன பிறகும் அந்தச் சத்தம் முத்துத்தாய் காதில் நின்றது. யாரோ ஒரு ஊர் நர்ஸ், முகம் தெரியாதவள், இவள் சொன்ன ஒரு பொய்க்குக் கைகட்டி நிற்கப் போகிறாள். அப்போதுகூட முத்துத்தாய்க்கு முழு மனசு அதில் இல்லை. பாதி மனசு எதிர் அடுப்படியில் இருந்தது. பவதாரிணி அங்கே தானே அள்ளிச் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை இசைவாணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றத்துக்குப் போனாள். வட்டமாக எரிகிற விளக்கு ஒன்று வீடியோவுக்கு வாங்க வேண்டுமாம். மாமியார் தண்ணீர் குழாய்க்குப் போயிருந்தாள். முத்துத்தாய் முற்றத்தைத் தாண்டினாள்.

திருடப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அந்த ரகசிய மருந்து எதுவோ, அதில் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். அழகுமலை நாக்கில் தடவினால் அவனும் நாலு வாய் தின்பான். உரைகல் வைக்கிற மரப்பெட்டி அலமாரி மேல்தட்டில் இருந்தது. இறக்கித் திறந்தாள். சுக்கு, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய். எல்லாம் இவளும் வாங்கினதுதான். அடியில் மடித்த துணி. துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. இதுதான், இதுதான் என்று அவசரமாக உருவினாள்.

பிரித்தாள். ஊசி கார்டு.

பவதாரிணி என்று பேர் எழுதியிருந்தது. பிறந்த அன்று போட்டது, ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம். எல்லாவற்றிலும் தேதி, கையெழுத்து. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் இசைவாணியின் அம்மா ஊர் முத்திரை. ஒன்பதாம் மாதத்துக் கட்டத்தில் ஆயுத பூஜை வாரத்துத் தேதி. அதே வாரம்தான் முத்துத்தாய் மொக்கில்லாத தோட்டத்தில் ஒளிந்து உட்கார்ந்திருந்தது.

அவள் அந்தக் கார்டைக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் நிழல் விழுந்தது. இசைவாணி, இடுப்பில் பிள்ளை, கையில் விளக்குப் பெட்டி.

"எம் பொட்டியில ஒனக்கு என்னக்கா வேல?"

"எல்லாம் போட்டிருக்க."

இசைவாணி பிள்ளையை இறக்கிவிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"ஒன்னுகூட விடாமப் போட்டிருக்கியேடி. ஊருக்கெல்லாம் வேணாம் வேணாம்னுட்டு, ஒம்பிள்ளைக்கு மட்டும் தேதி தவறாமப் போட்டிருக்கியே. நீ நல்லா இருப்பியா?"

"நான் வேணாம்னு யாருகிட்டயும் சொல்லலக்கா. எம்பிள்ளைக்குப் போடலன்னுதான் சொன்னேன்."

"அது வேற, இது வேறயாக்கும்?"

"ஒரு வருசமா கத்திக்கிட்டு இருந்தேன், ஒரு நாய் பாக்கல. அன்னைக்கு என்னமோ வாயில வந்துச்சு, சொன்னேன். ரெண்டு லட்சம் பேரு. அதுக்கப்புறம் எப்படிக்கா மாத்திச் சொல்றது? பாக்குறவக அதத்தான் கேக்குறாக. ஒனக்கென்ன, நீ தோட்டத்துல எறங்குனா பூக்காரம்மா முத்துத்தாயின்னு ஊரே சொல்லும். மாமியாரு வாயிலதான் நான் சின்ன மருமக, சாவிக் கொத்து ஒன் இடுப்புல. என்னய யாருக்குத் தெரியும் இந்த ஊர்ல? அவரு மாசத்துல நாலு நாள் வீட்டுல இருக்காரு. எனக்கு இருக்கிறது அந்தப் போன் ஒன்னுதான்."

முத்துத்தாய் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். இவளுக்கு என்மேல் பொறாமையா? இந்தச் சாவிக் கொத்துக்கா? அதில் ரெண்டு சாவி எதற்கென்றே அவளுக்குத் தெரியாது.

"ஒன் வீடியோவப் பாத்துத்தாண்டி நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"போடல. அதான?" என்றாள் இசைவாணி. குரல் இறங்கிப் பைய வந்தது. "நர்ஸக்கா சொன்னப்பவே எனக்குத் தெரியும். ஆடிக்கப்புறம் நீ ஒங்கம்மா வீட்டுக்கே போகலையே, எங்கிட்டுப் போட்டிருப்ப? தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். நீயும் பேசாம இரு. நீ என்னய சொன்னீன்னா, நான் ஒன்னய சொல்லுவேன். மச்சானுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஒம்பிள்ளையச் சாகக் குடுக்கப் பாத்தவன்னு ஊரே சொல்லும். வேணாங்க்கா. நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறோம்ல, லைவ் போடுறேன். நீயும் வந்து நில்லு. ரெண்டு வார்த்த சொல்லு. ஒன்னயும் நாலு பேருக்குத் தெரியட்டுமே."

முத்துத்தாய் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். இசைவாணி அதைப் பிடுங்கவில்லை. இவள் எங்கே சொல்லப் போகிறாள் என்ற தைரியம்.

அம்மை இறங்கினால் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றித்தான் ஆத்தாளை வழியனுப்பவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனதில் அது தள்ளிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னக்காமு முற்றத்தில் அண்டாவை வைத்தாள். வேப்பிலை, மஞ்சள். தெருப் பெண்கள் கூடினார்கள். பேச்சி வேலியை விட்டு உள்ளே வந்திருந்தாள், கையில் பிள்ளை. நல்லகாமன் தாழ்வாரத்தில் நின்றான். இசைவாணி புது விளக்கை மாட்டி, போனை நட்டு, பேச ஆரம்பித்தாள். லைவ் என்றால் அவள் பேசப் பேச அந்த நொடியே ஊர் உலகமெல்லாம் பார்க்கும்.

"ஃப்ரெண்ட்ஸ், எங்க வீட்டு அழகுமலைக் குட்டிக்கு இன்னைக்குத் தண்ணி ஊத்துறோம். ஊசி போட்டும் அம்மை வந்துச்சு. வேப்பிலையும் மஞ்சளும்தான் காப்பாத்துச்சு. இந்தா எங்க அக்கா. அக்கா, இங்கிட்டு வா. நீயே சொல்லு."

முத்துத்தாய் பிள்ளையோடு போனுக்கு முன்னால் வந்தாள். போனில் தன் முகம் தெரிந்தது. மூவாயிரத்து எத்தனையோ பேர் பார்ப்பதாக ஓரத்தில் எண் ஓடியது. பாழும் மனசு, அந்த நேரத்திலும் அவள் கை தானாகப் போய்த் தலைமுடியை ஒதுக்கியது. எத்தனை நாள் ஆசை! ரெண்டு வார்த்தை சொன்னால் போதும். புருஷன் பார்க்கிறான். ஊர் பார்க்கிறது.

பேச்சி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டபடி கேட்டாள். "அப்ப நெசமாவே போட வேணாம்தானே முத்தக்கா? நீ சொன்னா சரி."

பேச்சியின் பிள்ளை தோளில் முகம் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, சீராக. முத்துத்தாய் அதையே பார்த்தாள்.

"நான் போடல" என்றாள்.

"அக்கா" என்றாள் இசைவாணி.

"எம்பிள்ளைக்கு அந்த ஊசி போடவே இல்ல. போட்டேன்னு பொய் சொன்னேன். நர்ஸக்காகிட்ட எங்கம்மா வீட்டுல போட்டேன்னு சொன்னேன். எம்புருசங்கிட்ட நர்ஸு போட்டாகன்னு சொன்னேன். ரெண்டும் பொய்யி. இவ பிள்ள மாதிரி எம்பிள்ளையும் வரணும்னு வயித்தெரிச்சல்ல செஞ்சேன். எட்டு நாளு எம்பிள்ள வாயத் தொறந்து அழலத்தா. பேச்சி, கேட்டுக்க." இடுப்பிலிருந்து கார்டை எடுத்துப் போன் முன்னால் நீட்டினாள். "இந்தா இவ பிள்ள கார்டு. எல்லா ஊசியும் போட்டிருக்கு. போட்ட பிள்ளைக்கு வரல. போடாத பிள்ளைக்கு வந்துச்சு. அம்புட்டுத்தான்."

இசைவாணி பாய்ந்து போனை அணைத்தாள். அதற்குள் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது.

நல்லகாமன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட முத்துத்தாய்க்குச் சமாதானமாக இருந்திருக்கும். தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தான், பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கினான். "கெட்டின்னு சொன்னேனேடி ஒன்னய" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு மாமியார்தான் தண்ணீர் ஊற்றினாள். "ரெண்டு மூதேவியும் எங் கண்ணுல முழிக்காதீக" என்று சின்ன மருமகளையும் சேர்த்துத்தான் திட்டினாள். சாவிக் கொத்தை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு மாசம் நல்லகாமன் அவளோடு பேசவில்லை. முத்துத்தாய் பசுமலைக்கு நடந்தே போய் ஆனிமேரி வீட்டு வாசலில் நின்று அழுதாள். ஆனிமேரி தேற்றவில்லை. "பிள்ள தேறட்டும், சித்திரக் கடைசிப் புதன்கெழம தூக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். இசைவாணியோ மூன்றாம் நாளே அழுது ஒரு வீடியோ போட்டாள். "தப்புப் பண்ணிட்டேன் ஃப்ரெண்ட்ஸ், மன்னிச்சிருங்க, எல்லாரும் பிள்ளைங்களுக்கு ஊசி போடுங்க." அது பத்து லட்சம். மன்னித்தோம் சகோதரி, மனசு இருக்கே உனக்கு என்று கொண்டாடிவிட்டார்கள். உண்மையைச் சொல்லி வீட்டில் பேச்சுக்கு ஆளில்லாமல் கிடந்தவள் முத்துத்தாய், பேர் மறுபடியும் இசைவாணிக்கு! முத்துத்தாய்க்கு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

சித்திரைக் கடைசிப் புதன்கிழமை அங்கன்வாடி வாசலில் வரிசை தெரு முனை வரைக்கும் நின்றது. பேச்சி முதல் ஆள். அவள் புருஷனே வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தான். முத்துத்தாய் கடைசியில் நின்றாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவளுக்கு முன்னால் இசைவாணி, குச்சியில் மாட்டின போனோடு. பவதாரிணிக்கு இரண்டாம் தடவை ஊசி.

ஊசி ஏறியபோது பவதாரிணி ஆனிமேரியின் மூக்கைப் பார்த்துக்கொண்டு கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு முனகல் இல்லை. சுற்றி நின்றவர்கள் ஆவென்று பார்த்தார்கள். "சமத்து!" என்று ஒருத்தி நெட்டி முறித்தாள். போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. இசைவாணி திரும்பி அக்காளைப் பார்த்தாள். முத்துத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். அழமாட்டாளாமே!

அடுத்தது அழகுமலை. ஆனிமேரி பழைய நோட்டைப் பிரித்து, "தாய் வீட்டில் போட்டது" என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். அன்றைய தேதியை எழுதினாள். "கையெழுத்துப் போடு" என்றாள். முத்துத்தாய் போட்டாள். பிறகு ஆனிமேரி பிள்ளையின் வலது கையைப் பிடித்தாள்.

ஊசி பட்டதும் அழகுமலை ஒரு கத்துக் கத்தினான். அங்கன்வாடி ஓட்டுக்கூரையில் இருந்த புறா பறந்தது. அடிவயிற்றிலிருந்து, முகம் சிவந்து, காலை உதைத்து, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். "ஆத்தீ, என்னா தொண்டை!" என்று சிரித்தார்கள். இசைவாணி காதைப் பொத்திக்கொண்டு, "அக்கா, லைவ் ஓடுது, அமத்துக்கா" என்றாள்.

முத்துத்தாய் அமர்த்தவில்லை. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, போனுக்கு நேராகப் போய் நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அங்கே இருந்த எந்தப் பிள்ளையையும் அவள் அப்போது பார்க்கவில்லை.

"அழுடா எஞ் சாமி" என்றாள். "நல்லாக் கத்தி அழு. அம்புட்டுப் பேருக்கும் கேக்கட்டும்."